பிரின்சியின் ஹால் டிக்கெட் எண்

விழுப்புரம்
6.10.2024

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலம்தானே? ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

நோட்டில் தினமும் என்ன எழுதுகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டாய். இப்போது சொல்கிறேன். நம் பிரின்சியின் ஹால் டிக்கெட் எண் 1302643. பரீட்சைக்குக் கிளம்பும்போது, "இது பகா எண்ணுப்பா. பதிமூணு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன், எதுலயும் போகல" என்றாள். கணக்கு வாத்தியார் நான், "ஜல்தி கெளம்பு, பஸ்ஸு போய்டும். அப்பறம் பாக்கலாம்" என்றேன். அடுத்த மாதமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன் வர்க்கமூலம் 1141 சொச்சம், அதனால் 1141 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் 189. தினம் ஒன்றாகக் கையால் போடுகிறேன். 82 முடிந்து 421இல் நிற்கிறேன். எதிலும் போகவில்லை. "நீ சொன்னது சரிதான்" என்று அவளிடம் சொல்ல முடிகிற அன்று திண்டிவனத்தில் அவள் கல்லறைக்கு வருவேன்.

உன்
இன்னாசிராஜ்


திண்டிவனம்
11.10.2024

அன்புள்ள பிரின்சி அப்பாவுக்கு,

படித்ததும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாளாவது அவளைப் பார்க்க வந்தீர்களா? அவள் பேரை எடுத்தாலே நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவீர்கள். நான் இங்கே வந்ததே அதைப் பார்க்க முடியாமல்தான்.

ஃபோனில் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்றார் அண்ணி. வேண்டாமென்று தடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் கணக்குப்படி தை மாதமாகும். கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. நீங்கள் கீழேயிருந்து ஏறுங்கள், நான் மேலேயிருந்து இறங்கி வருகிறேன். ஆளுக்குத் தினம் மூன்று போட்டால் முடிந்துவிடும். வகுத்தல் ஐந்தாம் வகுப்புக் கணக்குதானே. எண்களின் பட்டியலை மட்டும் அனுப்புங்கள்.

இருதயசெல்வி


விழுப்புரம்
15.10.2024

அன்புள்ள செல்விக்கு,

பட்டியல் இதனுடன் இருக்கிறது. மேலேயிருந்து முதலில் 1129. நீ பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துச் சிரித்துவிட்டேன். ஆறு மாதத்தில் இதுதான் முதல் சிரிப்பு. மீதி வரும்போதெல்லாம் நம் பெண் ஜெயித்தாள் என்று வைத்துக்கொள்.

இன்னாசிராஜ்


திண்டிவனம்
22.10.2024

அன்புள்ள பிரின்சி அப்பாவுக்கு,

1129, 1123, 1117, 1109. நான்கிலும் மீதி வந்தது. ஐந்தாவது 1103. மீதி வரவில்லை. மூன்று தடவை போட்டேன். அண்ணியையும் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 1103ஐ 1181ஆல் பெருக்கினால் 1302643 வருகிறது.

மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசு கேட்கவில்லை. நம் பெண் சொன்னது தப்பு. பதினேழு வயதுப் பிள்ளை, பதிமூன்று வரை பார்த்துவிட்டு அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறாள். சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்க்கத்தான் வருவீர்களா?

இருதயசெல்வி


விழுப்புரம்
28.10.2024

செல்விக்கு,

பெருக்கிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

அன்று பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தாலும் 1103 என் கண்ணில் பட்டிருக்காது. ஐம்பது வரை பார்த்துவிட்டு, "ஆமாம்மா, பகா எண்தான்" என்றிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து தப்பு செய்துவிட்டுச் சந்தோஷமாக இருந்திருப்போம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

நோட்டை மூடிவிட்டேன். கல்லறைத் திருநாளன்று, சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மெழுகுவத்தி நான் வாங்கி வருகிறேன். கண்டுபிடித்தது நீ, அதனால் நீயே அவளிடம் சொல்லு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

பிரின்சி அப்பா