பனியில் கூடிப்போன ஒரு நாள்

அனுப்புநர்:
மெகேதபேல் ஹாலட்,
ஒபதியா ஹாலட்டின் மனைவி,
கடைசிப் பண்ணை, ஆல்டர் ஓடை,
மாசசூசெட்ஸ் குடியேற்றம்.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அவர்கள்.

பொருள்: வரும் வியாழக்கிழமை என் கணவரைக் கைகால் பூட்டும் தொழுமரத்தில் மாட்டும் தண்டனையை நிறுத்தக் கோருதல். மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் விறகு பிளந்தார் என்பது என் கணவர் மேல் உள்ள குற்றம். பிளந்தார், மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நேர்ந்தது என்பது எங்களுக்கே இன்று காலைதான் விளங்கியது! அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. சென்ற மாதம் பத்தொன்பது நாள் பனியில் அடைபட்டுக் கிடந்தோம். கிழமை தவறக் கூடாதென்று தினமும் மாலையில் அவர் ஒரு குச்சியில் வெட்டுப் போட்டு வந்தார்.

2. பாதை திறந்ததும் ஓய்வுநாள் கண்காணிப்பாளர் எல்நாத்தான் கிர்பி மீதிப் பனியை மிதித்துக்கொண்டு வந்து, "ஏம்பா ஒபதியா, இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?" என்றார். இவர் கோடரியை ஓங்கியபடியே, "திங்கக்கிழமைங்க. நேத்து நாள் பூரா ஜெபம் பண்ணி முட்டி இன்னும் வலிக்குது" என்றார். அன்று ஞாயிறு! கோடரியை அங்கேயே போட்டுவிட்டு மீதிப் பொழுதையும் ஜெபத்தில் கழித்தோம். அந்த வாரம் ஊரார் ஆண்டவருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். நாங்கள் ஒன்றரை நாள் கொடுத்திருக்கிறோம்.

3. புதிய போதகர் வந்தபின் ஊரில் ஒழுக்கச் சீர்திருத்தம் நடக்கிறது. நானும் மனதார வரவேற்றவள்தான். ஆனால், வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் சபை நடுவே அறிக்கையிட்டால்தான் மன்னிப்பாம். ஆண்டவர் வீட்டில் நின்று பொய் சொல்ல மாட்டேன் என்கிறார் என் கணவர். அதுவரை எங்கள் மகளுக்கு ஞானஸ்நானமும் கிடையாதாம். இது என்ன நியாயம், ஐயா?

4. மகள் பிறந்தது அந்தப் பனிக்குள்தான். மருத்துவச்சி வர வழியில்லை. இவரே பிரசவம் பார்த்தார். அன்று மாலையும் வழக்கம்போல் வெட்டுப் போட்டிருக்கிறார். வெந்நீரும் துணியுமாக ஓடிய மனிதர் மறந்திருப்பார் என்று, தொப்புள்கொடி அறுத்த கத்தரியாலேயே நானும் ஒரு வெட்டுப் போட்டேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இன்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் இருவரும் சிரித்தோம், பிறகு அழுதோம். ஒரு வெட்டு மட்டும் மெல்லியது. குச்சியையும் கத்தரியையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். தாங்களே பொருத்திப் பார்க்கலாம்.

ஆகவே தண்டனையை ரத்து செய்யுமாறு மன்றாடுகிறேன். யாராவது தொழுமரத்தில் உட்கார்ந்தே தீர வேண்டுமென்றால், அந்தக் கூடுதல் வெட்டு என்னுடையது. என்னை மாட்டச் சொல்லுங்கள். கால்களை மட்டும் பூட்டினால் போதும், ஐயா. பால் குடிக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

இடம்: ஆல்டர் ஓடை
நாள்: 1662 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை (இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்தது)

தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
மெகேதபேல் ஹாலட்