வெள்ளிக்கிழமைப் பாட்டும் நான் சொன்ன கோளும்

என் அன்பு ஸ்ரெல்லா அக்காவுக்கு,

உங்கள் ஆண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஜோசப் அத்தான் கேட்டார். கோயில் பாடற்குழுவில் பதினொரு வருடம் உங்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான், அதனால் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கத்துக்குள் இது அடங்காது, அக்கா.

முதலில் இங்கத்தைப் பலெர்மோப் புதினம். சீசாப் பகுதியில் உங்கள் கட்டடத்து லிப்ட் மறுபடியும் பழுது. அத்தான் நாலு மாடியும் நடந்துதான் ஏறுகிறார். முழங்கால் நோகிறது என்று வாயால் சொல்லமாட்டார். இரண்டாம் மாடியில் போனைப் பார்ப்பது போல நின்றுவிட்டு ஏறுகிறார். உங்கள் மகளுக்கு மிலானில் வேலை கிடைத்துவிட்டது. நான் இப்போது சிஞ்ஞோரா மிரியம் வீட்டில் வேலை செய்கிறேன். உங்களுடைய அதே வேலை, அதே சாவி.

இந்த மலரைப் படிக்கிற எல்லோருக்கும் சிஞ்ஞோராவைத் தெரியாது. இத்தாலியில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் தனியே இருக்கிற, ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் அவர். யூதர். பலெர்மோவில் யூதர்கள் கொஞ்சப் பேர்தான். அவருடைய செபக்கூட்டத்தில் இருபது பேர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடி, பொழுதுபடுகிற நேரம் விளக்கேற்றி, ஓய்வுநாளைத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு வாத்தியம் எதையும் தொடுவதில்லை. குரல் மட்டும்தான்.

நீங்கள் செவ்வாய்க்கிழமைகளில் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் கிரேஸ் என்பவர் நடத்திய கொஸ்பல் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோயில்களில் வளர்ந்த பாட்டு முறை. ஒருவர் கூப்பிடுவார், மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். கைதட்டு நாங்கள் நினைக்கிற இடத்தில் விழாது. ஒன்றை விட்டு இரண்டில் விழும். அங்கே படித்ததை நீங்கள் சிஞ்ஞோரா வீட்டில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு பாடியிருக்கிறீர்கள். ஒருநாள் அவர் வந்து கதவடியில் நின்றாராம். நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அல்லேலூயா எண்டால் என்ன எண்டு தெரியுமா, ஸ்ரெல்லா? அது எங்கட மொழி. எங்கட ஆக்கள் அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டு வாசிக்கினம். நீ சட்டைக் கொலரை மடிச்சுக்கொண்டு பாட, எனக்கு எழும்பி நிக்க வருது."

அப்படித்தான் தொடங்கியது. அவர்களுடைய வேதத்துச் சங்கீதப் பாடல் ஒன்றை, அவர்களுடைய எபிரேயச் சொற்களை மாற்றாமல், கொஸ்பல் முறையில் பாட நீங்கள் பழக்கத் தொடங்கினீர்கள்.

சீசா பஸ்ஸில் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா?

"வெள்ளிக்கிழமையில அவையின்ரை மண்டபத்துக்குப் போறன், ஜெசிந்தா. பாட்டுச் சொல்லிக் குடுக்க."

"பாதர் அறிஞ்சால்?"

"அறிஞ்சால் என்ன? நான் களவோ எடுக்கிறன்?"

நான் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சிக்கு நீங்கள் வர முன்னம், பாடற்குழுத் தலைவர் பீற்றர் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "அக்கா இப்ப வெள்ளிக்கிழமையில யூதரோடை நிண்டு செபம் பண்ணுறா, அண்ணை. யேசு ஆண்டவற்றை பேரைச் சொல்லாமல் பாடுறா. உங்களுக்குத் தெரியுமே?"

இதைத்தான் நீங்கள் இருக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் செய்தேன் என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். விசுவாசத்தில் அக்கறை என்று அப்போது நினைத்தேன். அது இல்லை. ஒவ்வொரு ஈஸ்டர் பெருநாளிலும் தனிக்குரல் உங்களுடையது. பதினொரு வருடம் உங்களுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டேன். ஒரு முறை எனக்குக் கிடைத்தால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கிடைத்தது. "இந்த முறை ஜெசிந்தா பாடட்டும், ஸ்ரெல்லா. உங்களுக்கும் வேலை கூட" என்று பீற்றர் அண்ணை சொன்னார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், "ஓம்" என்றீர்கள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "மேல போகேக்கை நாடியைத் தூக்காதை, குரல் நெரியும்" என்று இரண்டு தரம் பாடிக் காட்டினீர்கள். நான் நன்றாகப் பாடினேன். எல்லோரும் சொன்னார்கள். நீங்களும் சொன்னீர்கள்.

அந்தக் கோடையில் வைத்தியர்கள் உங்கள் வருத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். மாரி முடிய முதல் நீங்கள் இல்லை.

உங்கள் அடக்கப் பூசைக்குச் சிஞ்ஞோரா தன் ஆட்கள் ஆறேழு பேரோடு வந்திருந்தார். தாவிதே என்று ஒரு கிழவர், முன்னர் கண்ணாடிக்கடை வைத்திருந்தவர், கோயிலுக்குள் வரவில்லை. தொப்பியோடு படியிலேயே நின்றார். உள்ளே வரும்படி கூப்பிட்டேன். "நான் நிக்கக்கூடிய இடம் இதுதான், சிஞ்ஞோரா. இஞ்சையும் கேக்குது" என்றார். பூசை முடியும் வரைக்கும் அப்படியே நின்றார்.

ஒரு மாதம் கழித்துச் சிஞ்ஞோரா மிரியம் என்னை வேலைக்குக் கேட்டார். முதல் கிழமையே குசினி லாச்சியிலிருந்து உங்கள் கொப்பியை எடுத்துத் தந்தார். எபிரேயச் சொற்களை எங்கள் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தீர்கள். தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்துக்கு மேலே ஒரு வட்டம், எங்கே கை தட்டுவது என்று சிவப்புப் புள்ளி. ஒரு பக்கத்தின் அடியில், "இதை நான் பாடக் கூடாது. அவையள்தான் பாடவேணும்" என்று இருந்தது. அது என்னவென்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன்.

"செபத்தை எங்கட ஆக்களில ஒராள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தவேணும். ஸ்ரெல்லாவே அதை முதல் சொன்னது. விளக்கேத்துற நேரம் வந்தால் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடும். எத்தினையோ தரம் இருக்கச் சொன்னன். ஒருநாளும் இருக்கேல்லை. என்ரை கோயிலில நான் பாடுறன், உங்கடையில நீங்கள் பாடுங்கோ எண்டும்."

நான் சிங்கில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். தண்ணீரை இன்னும் கூடத் திறந்துவிட்டு, அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் குனிந்துகொண்டேன். நீங்கள் அவர்களோடு நின்று செபம் பண்ணியதே இல்லை. நான் பீற்றர் அண்ணையிடம் சொன்னது கோள் மட்டுமில்லை, பொய்.

பாட்டு அரைகுறையில் நிற்கிறது, முடித்துத் தர முடியுமா என்று சிஞ்ஞோரா கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கைதட்டு வராதே. கிரேஸைக் கூப்பிட்டேன். அவர் நைஜீரியக்காரி, அவருடைய சபை வேறு, நல்ல கண்டிப்பு. அவர் மண்டபத்துக்கு வந்த முதல் நாளே தாவிதே எழும்பினார்.

"இந்த ஊரில எங்கட ஆக்களைத் துரத்தின பிறகு, மிஞ்சினவை எத்தினையோ தலைமுறை கிறிஸ்தவர் மாதிரிக் கோயிலுக்குப் போய் நடிச்சவை. உயிர் தப்ப. இப்பதான் நாங்கள் எங்கட பேரோடை ஒரு அறையில இருக்கிறம். அதுக்குள்ளை கோயில் பாட்டைக் கொண்டு வாறதோ?"

அவர் சொன்னதில் பிழை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

கிரேஸ்தான் பதில் சொன்னார். "எனக்கும் இது பிறந்த வீட்டுப் பாட்டு இல்லை. அமெரிக்காவில அடிமையாய் இருந்த ஆக்களின்ரை பிள்ளையள் பாடினது. நான் லாகோஸில ரேடியோவில கேட்டுப் படிச்சன். அந்த ஆக்கள் விடுதலையைப் பற்றிப் பாட நினைச்சபோது, கடல் பிளந்து நீங்கள் எகிப்தை விட்டு வெளிய வந்த கதையைத்தான் எடுத்தவை. எடுக்கலாமோ எண்டு உங்களைக் கேக்கேல்லை. வேணுமெண்டால் எடுங்கோ, வேண்டாமெண்டால் விடுங்கோ. எடுத்தால், ஆற்றை பாட்டு எண்டு சொல்லிப்போட்டுப் பாடுங்கோ."

தாவிதே கதவடிக்குப் போனார். "பாடுங்கோ. நான் வெளியில நிப்பன். கோவமில்லை" என்றார்.

ஏழு கிழமை பழகினார்கள். முன்னுக்கு நின்று பாடுவது சிஞ்ஞோரா மிரியம், எழுபத்தாறு வயதில். குரல் கரகரப்புத்தான், சுருதி விலகாது. மற்றவர்கள் பதில் கொடுக்க வேண்டும். பல் வைத்தியர் ஒருவர் எந்த நாளும் முதல் தட்டிலேயே கையைத் தட்டிவிடுவார். "பொறு, பொறு, இப்ப" என்று கிரேஸ் அவருடைய கையைப் பிடித்தே வைத்திருந்தார். இந்த முறை யாரிடமிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று பாட முன்னம் வாசிக்க மூன்று வரி எழுதினார்கள். மூன்றாவது வரியில் உங்கள் பெயர் இருக்கிறது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார்கள். இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பாடினார்கள். விளக்கேற்ற முன்னம் நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைவழியில் இரண்டு கதிரை. ஒன்றில் தாவிதே இருந்தார். மற்றதில் நான் இருந்தேன்.

உள்ளே சிஞ்ஞோரா கூப்பிட்டார், அவர்கள் பதில் கொடுத்தார்கள். நடுவில் கைதட்டுக் குழம்பி ஆளுக்கொரு இடத்தில் விழுந்தது, பிறகு சேர்ந்துகொண்டது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, அக்கா. பதினெட்டுப் பேர் ஒரு சின்ன அறையில் நின்று, கொட்டாவி விடாமல் பாடினார்கள்.

"நீர் உள்ளுக்குப் போகலாமே? உம்மை ஒருவரும் மறிக்கேல்லை" என்றார் தாவிதே.

அவரிடம்தான் நான் முதன்முதல் சொன்னேன். ஏன் அவரிடம் என்று தெரியாது. பீற்றர் அண்ணையிடம் போனது, தனிக்குரல், எல்லாம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னட்டைச் சொல்லி என்ன பயன்? ஆருக்குச் செய்தீரோ அவவிட்டை எல்லோ சொல்லவேணும்?"

"அவ செத்துப்போனா."

"தெரியும், படியில நிண்டனான்தானே. எங்களுக்குள்ளை ஒரு முறை இருக்கு. ஒராளுக்குப் பிழை செய்து, அந்த ஆள் செத்துப்போனால், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போகவேணும். அவைக்கு முன்னால நிண்டு என்ன செய்தன் எண்டு சொல்லவேணும். மறைக்காமல்."

"நான் உங்கட ஆள் இல்லையே."

அவர் மண்டபக் கதவைப் பார்த்தார். உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். "உள்ளுக்குப் பாடுறவையும் அந்தப் பாட்டின்ரை ஆக்கள் இல்லை" என்றார்.

ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினேன். பீற்றர் அண்ணையிடம் போனபோது, "அதை ஏன் இப்ப கிண்டுறாய், பிள்ளை?" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் அவவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. நானும் வரத்தான் வேணும்" என்றார். என் மனுசன் வருகிறார். பாடற்குழுவில் நாலு பேர் வருகிறார்கள். அதில் ஒருத்தி என்னோடு முன்னைப்போலக் கதைப்பதில்லை, ஆனாலும் வருகிறாள். கிரேஸ், சிஞ்ஞோரா மிரியம், தாவிதே. ஒன்பது பேர்.

இவ்வளவையும் எழுதி, ஜோசப் அத்தானிடம் கொடுத்தேன். அவர் படிக்காமல் இதை அச்சுக்குக் கொடுப்பது சரியில்லை. குசினி மேசையில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"அந்த ஈஸ்டருக்குப் பிறகு அவள் வீட்டில பாடுறதை நிப்பாட்டினவள். வருத்தம் அப்பவே தொடங்கிட்டுது எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தன்."

நான் எழும்பி நாலு மாடியும் இறங்கி வந்தேன்.

மூன்று நாள் கழித்துப் போன் பண்ணினார். "மலரில இதைப் போடு. ஒருவற்றை பேரையும் மாத்தாதை. உன்ரையையும்தான்."

"கல்லறைக்கு வருவியளோ, அத்தான்? ஒன்பது பேர் இருக்கினம்."

"அது எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. அண்டைக்குப் பார்ப்பம்."

அவரை நான் இனிக் கேட்கமாட்டேன். ஆண்டுப் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு, உங்களிடம் வருகிறேன், அக்கா. ஒன்பது பேர் நின்றாலும் சரி, பத்துப் பேர் நின்றாலும் சரி, பீற்றர் அண்ணையிடம் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளை எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, அது பொய் என்றும் சொல்லுவேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் கடைசி வரைக்கும் சொல்லுவேன்.

உங்களுக்குப் பக்கத்தில் நின்ற,
நீங்கள் கூடப் பிறந்தவளாகவே வைத்திருந்த தங்கச்சி,
ஜெசிந்தா
பலெர்மோ