எண்ணிக்கை நின்ற காலை

கோலியனூர்
14-5-1963

சௌபாக்கியவதி தையல்நாயகிக்கு என் அன்பும் ஆசியும். இங்கே நான் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று முதலில் எழுது.

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது நீ கேட்டாயே, பத்து வருஷமாக ஆசனம் சொல்லிக் கொடுக்கிறவர் ஆசிரமத்தில் போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார் என்று. சவரிநாதன் முகத்தில் விழிக்க முடியாமல்தான் கிளம்பினேன். என்னிடம் சிரசாசனம் செய்து கழுத்து நரம்பு பிசகி, விரல் மரத்து, பேனா பிடிக்க முடியாமல் அவர் ரயில்வே வேலைக்கு லீவு போட்டிருக்கிறார் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே போவதை நீ முன்பே பார்த்துச் சொன்னாய். உனக்கென்ன தெரியும் என்று நான்தான் சீறினேன்.

இந்த இடம் விசித்திரமாக இருக்கிறது. வந்திருக்கும் மற்றப் பதினோரு பேரும் என்னைப் போல யோகாசன வாத்தியார்கள். ஆனால் இங்கே யாரும் வாத்தியார் இல்லை. காலையில் கேப்பைக் கூழ், பிறகு ஆளுக்கொரு துடைப்பம். எட்டு மணி வரை பேசக் கூடாது. முதல் வாரம் ஆசனமே கிடையாது. படுத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நான் கூரையில் இருந்த பல்லியைத்தான் கவனித்தேன்.

இரண்டாம் வாரம் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஜோடி விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசன டீச்சராக இருக்கும் கிருஷ்ணவேணி அம்மாள். அவர் சர்வாங்காசனத்தில் தோளை ஊன்றிக் காலைத் தூக்கினார். நான் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். அறுபது தாண்டியதும் அவர் தானே இறங்கி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஸார், கழுத்து இழுக்குதுன்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். நீங்க எண்ணிக்கினே இருக்கீங்க" என்றார்.

சத்தியமாக என் காதில் விழவில்லை, தையல். நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

அடுத்து என் முறை. அந்த அம்மாள் எண்ணவே இல்லை. "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். வலியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் இடது தோளுக்கு மேலே முள் குத்துவதுபோல ஒரு வலி தெரிந்தது. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறதோ! இறங்கிப் படுத்தவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அவர் என் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்பால் போய்விட்டார்.

அன்று மத்தியானமே சவரிநாதனுக்கு ஒரு கார்டு போட்டேன். எப்போது வலித்தது, என்னிடம் சொல்லிப் பார்த்தீரா என்று கேட்டேன். நேற்றுப் பதில் வந்தது. எழுத்து கோணல்தான், ஆனாலும் அவர் கையெழுத்து. மூன்று தடவை சொன்னாராம். இப்போது விரல் தேவலையாம். இனித் தலைகீழாக நிற்கமாட்டேன், மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். 'வருகிறேன்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாதக் கடைசியில் வருகிறேன். அதற்குள் எனக்காக ஒன்று செய். கிணற்றில் தண்ணீர் சேந்தியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாய். பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது, எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று மறைக்காமல் எழுது. ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் நலம் கோரும்,
தாண்டவராயன்