பூண்டுலோயாக்காரி அரித்த பொன்

எங்க இருந்தாலும் என்னை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டிருக்கிற என் மனுசனுக்கு,

என்னங்க, நான் ஆஸ்திரேலியா போயிட்டு வந்துட்டேன்! நம்புறீங்களா? கொழும்பு பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவ, பிளேன் ஏறிப் போய் மக வீட்டுல இருந்துட்டு நேத்துத்தான் பூண்டுலோயா வந்து சேர்ந்தேன்.

நம்ம கீதாவுக்குக் கல்யாணம் கூடியிருக்கு. ஹட்டன் பையன், அவருக்கும் ஆஸ்திரேலியாவுலதான் வேலை. தை மாசம் இங்க வந்து தாலி கட்டுறாங்க. மாப்பிள்ளை வீட்டுல தாலிக்குப் பொன்னுருக்குறப்ப, நம்ம வீட்டுப் பங்கா ஒரு பொட்டுப் பொன் நான் போடுவேன்னு அவ பிறந்தப்பவே சொன்னீங்களே. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. இப்ப யாரு போடுறது? "நீங்கதாம்மா"ங்கிறா. தாலியறுத்த கை அதைத் தொடலாமா? உங்க அண்ணன் போடட்டும்னேன். அவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா.

அந்தக் கோவத்தோடயே ஒருநாள், கீதாவும் மாப்பிள்ளையுமா என்னைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. கடலோரமாப் போய்க் கொஞ்சம் உள்ள திரும்பினா, அந்தக் காலத்துல தங்கம் தோண்டின ஊர். பேரு வாயில நுழையல. சுரங்கக்காரங்க குடியிருந்த வீட்டை அப்படியே வச்சிருக்காங்க. தகரக் கூரை, ஒரே அறை, மூலையில அடுப்பு. வெள்ளைக்காரங்க டிக்கட் எடுத்து உள்ள போய்ப் பாவப்படுறாங்க. "அடியே, இது நம்ம தேயிலைத் தோட்டத்து லயம்டி!"ன்னேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கல. நம்ம சனம் இன்னும் அதுக்குள்ளதானே குடும்பம் நடத்துது, எனக்கு வயிறும் எரிஞ்சுச்சு.

ஓடையில தங்கம் அரிக்கச் சொல்லி ஆளுக்கொரு தட்டு குடுத்தாங்க. எனக்கா சொல்லித்தரணும்? கல்லரிசி அரிச்சே சோறாக்கினவ! மணலை அள்ளி, தண்ணியில ஆட்டி, மேல வந்ததைப் பக்குவமா வாளியில சரிச்சுக்கிட்டு, அடியில நின்னதைத் தூர வீசினேன்.

"ஐயோ அம்மா! தங்கம் கனம், அடியிலதான் நிக்கும். மணலை வச்சுக்கிட்டுத் தங்கத்தை வீசிட்டீங்களே!" கீதா விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவ கோவம் போன இடம் தெரியல.

மறுபடி அரிச்சேன். இடுப்பு விட்டுப்போச்சு. கடைசியில கருமணலுக்குள்ள, கடுகுல பாதி இருக்கும், ஒரு மினுக்கம். நிசத் தங்கம்! தொடப் பயந்துட்டேங்க.

"எடுங்கம்மா, இதையே என் தாலிக்குப் போடுங்க. அப்பா இருந்தா உங்க கையைத் தட்டிவிடுவாரா?"

தட்டிவிடுவீங்களா? என்னைக் கேக்காம ஒரு நல்ல காரியத்துக்கும் அடி எடுத்து வைக்காத மனுசனாச்சே நீங்க. ஈர விரல்ல ஒத்தி எடுத்துட்டேன். அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

பொன்னை நானே போடுறேன்னு நேத்து உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். "ஊரு என்ன சொல்லும் புள்ள?"ன்னு இழுத்தார். "கல்யாணச் சோத்தைத் தின்னுட்டுச் சொல்லட்டும் மாமா"ன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

சத்தியமாச் சொல்றேங்க. பொன்னுருக்குற அன்னைக்கு நான் பின்னால ஒதுங்கி நிக்க மாட்டேன். நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, சனத்துக்கு முன்னால போய், அந்தப் பொன்னை என் கையாலயே போடுவேன். கோவிச்சுக்காதீங்க, உங்களுக்குப் பதிலா இல்ல. அவளைப் பெத்தவ நான், அதுக்காக.

உங்க வாயாடிப் பொண்டாட்டி,
ராசாத்தி