சாவு வீட்டில் எடுத்த படம்

லிம்பானி அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ஜனாதிபதி வேட்பாளரின் சுற்றுப்பயணத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு வண்டியும் படமும் ஏற்பாடு செய்வது, நம் துணிக்கடையை நடத்துவதைவிடச் சுலபம்தான்.

செவ்வாயன்று எம்சிம்பாவில் ஒரு சாவு வீடு. ஏழு வயதுப் பையன். தலைவர் ஆறுதல் சொன்னால் படம் நன்றாக வருமென்று, அடக்கத்தை நிறுத்திவைக்கச் சொன்னவள் நான்தான். காலையில் வர வேண்டியவர் மூன்று மணிக்கு வந்தார். அதற்குள் பெண்கள் பாடிப் பாடி ஓய்ந்துவிட்டார்கள்.

"அக்கா, எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க. கொஞ்சம் அழச் சொல்லுங்களேன்" என்றான் படக்காரன் யாமிகானி.

"உன் வீட்டுச் சாவுல வந்து சொல்றேன், வாயை மூடு" என்றேன். ஆனாலும் எடுக்க விட்டேன்.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். விடுதிப் போர்வையில் தூக்கம் வருவதில்லை. லிம்பானி பள்ளிக்குக் கிளம்பும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்து அனுப்புங்கள்.

வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். நாளைய பேப்பரில் அந்தப் படம் வரும். தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் பையனின் தாய் அழுவதுபோல் இருக்கும். அவரிடம் இல்லை. அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "இப்பவாவது பிள்ளைய எடுத்துட்டுப் போலாமாம்மா?"

அவசரத்தில்,
லிம்பானி அம்மா