பம்பு சுற்றுகிறவனுக்கு

ராயபுரம்
12-3-1951

என் தோஸ்துக்கு,

நான் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. "நம்ம அம்மன வுட்டுட்டு பூட்டியே" என்று நீ கேட்டதோடு சரி. ஆனால் அந்தக் கோபத்தோடுதான் மேலே நின்று என் குழாய்க்குக் காற்றுப் பம்பைச் சுற்றினாய். தண்ணீருக்கடியில் நான் கப்பலைப் பழுதுபார்த்த நேரமெல்லாம் ஒரு மூச்சுகூட எனக்குக் குறைந்ததில்லை. இந்தத் துறைமுகத்தில் உன்னைப்போல் இன்னொருவன் இல்லை.

நேற்று நீ வரவில்லை. புது ஆளை வைத்தார்கள். கெட்டிக்காரன்தான், பம்பும் நல்ல பம்பு. எல்லாம் தெரிந்தும் ஏணியில் கால் இறங்கவில்லை. "இன்னா நைனா, தண்ணி உனக்கு புச்சா?" என்று மேஸ்திரி சிரித்தார். முக்குளிக்கும் பித்தளைத் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

இரட்சிக்கும் விசுவாசம் என்றால் என்ன என்று ஞானஸ்நானத்துக்கு முன் போதகர் கேட்டார். இயேசு நமக்காக மரித்தார், உயிர்த்தார் என்று ஒப்பித்தேன். "அது பிசாசுக்கும் தெரியும்பா" என்றார். நேற்றுதான் எனக்குப் புரிந்தது. பம்பு நல்லது என்று ஒப்புக்கொள்வது வேறு, ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்குவது வேறு. இயேசுவை நான் அப்படித்தான் நம்புகிறேன். அப்படி நம்பப் பழக்கியவன் நீ.

கிரேன் வேலைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாயாம். அது உன் இஷ்டம். பேசவும் வேண்டாம்.

நாளைக் காலை தொப்பி மாட்டிக்கொண்டு ஏணிக்கு வருவேன். நீ இருப்பாய் என்று நம்பி, பம்பில் யார் என்று திரும்பிப் பார்க்காமல் இறங்குவேன்.

உன் காற்றில் உயிரோடு இருப்பவன்