கலோர் நன்றி

ஹோர்சன்ஸ்
12.02.2026

அன்புள்ள யோகமலருக்கு,

என் போன் நம்பரை மறித்து வைத்த நீர், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கம் கேட்டாவது கடிதம் போட்டீரே. டென்மார்க் முழுக்கச் சிவப்புத் தபால்பெட்டிகளைப் பிடுங்கிவிட்டார்கள். இதைக் கடையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

'கலோர் தாங்ஸ்' என்று எழுதியதற்கு உமது ஆஸ்பத்திரிப் பெரிய டாக்குத்தர் ஏன் சிரித்தார் என்கிறீர். கலோர் என்றால் ஏராளம், கருத்துச் சரி. ஆனால் நாங்கள் 'நிறைய நன்றி' என்று முன்னுக்கு வைப்பதுபோல் வைக்க முடியாது. அது பெயருக்குப் பின்னால்தான் நிற்கும்: மீன் கலோர், மழை கலோர். கலியாணப் படத்தில் உமக்குப் பின்னால் நான் நிற்கிற மாதிரி. கொஞ்சம் விளையாட்டுச் சொல்லும்கூட. பிறந்த இடம் அயர்லாந்து; அங்கே அதற்குப் 'போதும்' என்றுதான் கருத்து. ஆங்கிலேயன் அதை ஏராளமாக்கிவிட்டான், என் சாப்பாட்டுக் கோப்பை மாதிரி.

ஒரு சனிக்கிழமை ஓல்போர்க் வரட்டோ? இரண்டு பேரும் பழையபடி ஒரு வீட்டில் இருக்கலாமோ என்று கதைக்க வேண்டும்.

தவராஜா

ஓல்போர்க்
20.02.2026

அன்பின் சாரங்கியின் அப்பாவுக்கு,

விளக்கத்துக்கு நன்றி. சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. மார்ச் ஏழாம் திகதி வாருங்கள், கதைப்போம்.

ஒன்று மட்டும். இந்தக் கலோர் கதை எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். என் பிழைகளை மண்டபங்களில் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தீர்கள். அதனால்தான் இங்கே தனியாக இருக்கிறேன்.

யோகமலர்

ஹோர்சன்ஸ்
26.02.2026

அன்புள்ள யோகமலருக்கு,

போட்டுவரச் சேட்டு மினுக்கி வைத்துவிட்டேன். தலைக்கு மை பூசினேன், காதும் கறுத்துப்போனது.

உமது கடிதம் வருமுன்னரே கோல்டிங்கில் சிறீஸ்கந்தராசா அண்ணையின் பிறந்தநாள் வந்துவிட்டது. மைக்கைக் கையில் தந்தால் என் வாய் என்னுடையதில்லை. பெயர் சொல்லவில்லை, 'ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரியில் ஒரு மனிசி' என்றுதான் சொன்னேன். மண்டபம் குலுங்கியது. சிரிப்பு கலோர். பாரும், சரியாகப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஏழாம் திகதி வாறன்.

தவராஜா

ஓல்போர்க்
03.03.2026

உங்கள் கடிதத்துக்கு முன்பே, அந்தப் பிறந்தநாளுக்குப் போன துஷாரா கோல்டிங்கிலிருந்து போன் எடுத்தாள். 'கலோர் வணக்கம், அக்கா' என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது பழகிவிட்டது.

வரவேண்டாம். சேட்டு வேறு எங்காவது போக உதவும்.

அந்தச் சொல்லை அயர்லாந்துக் கருத்திலேயே எழுதுகிறேன். நீங்கள் சொல்லித் தந்தபடி, பெயருக்குப் பின்னால்:

தவராஜா கலோர்.

யோகமலர்